வலது கை, இரண்டு கோணம்

பெட்டி நின்றுவிட்டது.
பழைய கட்டில் பலகைதான் உடம்பு,
கம்ப்யூட்டர் சென்டரை மூடியபோது
எடைக்குப் போட்ட மானிட்டர் முகம்.
குச்சி ஒன்று, பொத்தான் ஆறு
கூரியரில் வந்து காத்துக் கிடக்கின்றன.
கை வைக்கிற பலகை மட்டும் அம்மணம்:
இரண்டடிக்குப் பத்து அங்குலம்,
தடவினால் சிராய் ஏறும் பிளைவுட்.

கையில் இருநூற்றுப் பத்து ரூபாய்.
டவுன்ஹால் ரோட்டில் செல்போன் பழுது பார்க்கிறேன்,
எந்தப் போனுக்கும் உள்விவகாரம் அத்துப்படி.
ஒரு பலகைக்கு உடுத்திவிடத் தெரியவில்லை.

முதலில் மேசை விரிப்பு.
விளக்குத்தூண் பக்கம் மீட்டர் அறுபது,
திராட்சையும் அன்னாசியும் அச்சடித்தது.
ஒட்டிய அன்றைக்கு அழகு.
சித்திரை மதியம், செல்லூர் சலூன்,
கரண்ட் போன பதினைந்தாம் நிமிடம்
உள்ளங்கை அதில் ஒட்டிக்கொண்டது.
பிய்த்தால் திராட்சையும் சேர்ந்து வந்தது.

ஆட்டோ சீட் தைக்கிற ரெங்கராமிடம் ரெக்சின் துண்டு.
"சும்மா எடுத்துட்டுப் போங்கக்கா."
துளைக்குத் துளை
கொசுவம் வைத்துக்கொண்டது.

சன்மைக்கா வெட்டுத்துண்டு, முப்பது ரூபாய்.
மூன்றாவது துளையில் பிளந்தது.
அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு ஃப்ளெக்ஸ்.
மதுரையில் ஃப்ளெக்ஸுக்கா பஞ்சம்.
காதுகுத்து முடிந்து மூன்று நாளாகியும் அவிழ்க்காத பேனரைக்
கேட்டே வாங்கிவந்தேன்.
குழந்தை மேல்மூலையில் தபால்தலை அளவு.
தாய்மாமன்கள் ஆளுக்கு நாலடி,
கூலிங் கிளாஸ், பக்கத்தில் சிங்கம்.
எப்படி நகர்த்தினாலும்
ஏதோ ஒரு மாமன் மூக்கில் பொத்தான்.
தவமணி எட்டிப் பார்த்தார்.
"இந்தா பாரு, இவன் நம்ம கஸ்டமரு.
மூக்குல துளையப் போட்டுட்டா
எதுக்குக் கீழ நான் மீசை ஒதுக்குறது?"

புரட்டிப் போட்டேன். முதுகு வெறும் வெள்ளை.
வெள்ளை அழுக்காகும்,
மேலே கண்ணாடி மாதிரி ஏதாவது வேண்டும்.
அக்ரிலிக் விலை கேட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

பீரோ மேலே பெரியாஸ்பத்திரி உறை கிடந்தது.
போன ஆடியில் காளவாசலில் வண்டி சறுக்கியது.
நாற்பத்தைந்து நாள் மாவுக்கட்டு,
நாற்பத்தைந்து நாளும் ஷட்டர் தரையில்.
தோடு அடகுக்குப் போனது இன்னும் வரவில்லை.
மயிரிழை விரிசல் என்றார் டாக்டர்.
வலியோடு வலியாகச் சிரித்துவிட்டார் இவர்,
தொழில் அப்படி.

ஃபிலிம் இரண்டு.
தவமணி, ஆண், 38. வலது கை, இரண்டு கோணம்.
ப்ளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டால் படம் கரைந்து
வெறும் கண்ணாடித்தாள் ஆகிவிடும், தெரியும்.
வாளியில் தண்ணீர்கூடப் பிடித்துவிட்டேன்.
போடவில்லை.

வெள்ளை மேல் விரித்ததும்
கறுப்புக்குள்ளிருந்து விரல்கள் வந்தன,
முருங்கைக்காய் நறுக்கி
வரிசையாய் அடுக்கினது போல.
இரண்டும் சேர்ந்தால்
பலகைக்கு அளவெடுத்து எடுத்த படம்.
ஓரம் மடக்க சைக்கிள் டியூப், பஞ்சர் கடையில் பத்து ரூபாய்.
பொத்தான்களை எலும்புக்கு எலும்பு இடைவெளியில் வைத்தேன்.
குச்சிக்கு மட்டும் இடம் அமையவில்லை,
விரிசல் இருந்த இடத்தைத் தவிர.
டிரில் இறங்கியபோது அவர் டீக்கடையில் இருந்தார்.
நல்லதாய்ப் போயிற்று.

"என் கை மேல ஊர்ப்பயலெல்லாம் குத்துவானா?"
"குத்தட்டும். ஆட்டத்துக்கு அஞ்சு ரூபா."

மிச்சக் காசில் சலூன் ஃபேனுக்குக் கெப்பாசிட்டர் மாற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை.
பெஞ்சில் இடமில்லை.
முடி வெட்டவே வரமாட்டேன் என்றவன்
தானாக வந்து டோக்கன் கேட்கிறான்.
வியர்த்த கை வழுக்கவில்லை, ஒட்டவில்லை,
துடைத்தால் போய்விடுகிறது.
"யாரு கைண்ணே இது?"
கேட்டவனுக்குப் பதில் வேண்டியிருக்கவில்லை,
அதற்குள் மூன்றாவது உயிரும் போயிற்று.
பலகையில் ஓங்கி ஒரு தட்டு.

இரண்டடி தள்ளி,
யாரோ ஒருவர் காதோரத்தில்
கத்தரியை நிறுத்தி
விரல்களை ஒருமுறை உதறிக்கொண்டு
மறுபடி வெட்டுகிறார் தவமணி.