சாமான் அறைப் பதிவேடு

ஜூன் பதினேழு, காலை ஆறரை.
காஷ்மீரி கேட்டிலிருந்து நான்கு ஆட்டோக்களில்
ஸ்பித்தி வந்து இறங்கியது.
பதினோரு முதுகுப்பைகள், பதினோரு தோலுரிந்த மூக்குகள்,
கரிப்பாத்திரம் கட்டிய சாக்கு ஒன்று.
'எண்ணி வாங்கிக்கோ' என்று போட்டுவிட்டு
குளிக்க ஓடினார்கள்.
விடுதிக் குழாயில் ஏழுக்குத் தண்ணீர் நின்றுவிடும்.

நான் மலையேற்றக் குழுவின் சாமான் பொறுப்பாளர்.
அதாவது, போகாதவள்.
மருத்துவத் தாளில் ஹீமோகுளோபின் எட்டரை.
'மேலே காற்றே பாதிதான், அங்கே உனக்கென்ன வேலை?'
என்று சிரித்தவன் ஹர்கீரத், குழுத் தலைவன்.
அந்தச் சிரிப்பையும் எண்ணி வாங்கித்தான் வைத்திருக்கிறேன்.

படிக்கட்டுக்கு அடியில் அறை. ஜன்னல் கிடையாது.
மின்விசிறி உண்டு; சுற்றுவதற்கு அதற்கு மனசு வரவேண்டும்.

கூடாரம் நான்கு. வந்தது நான்கு.
ஆணி நாற்பத்தெட்டு. வந்தது நாற்பத்தொன்று.
ஏழு ஆணிகள் காஸாவுக்கு மேலே எங்கோ
இன்னும் எதையோ இறுக்கிப் பிடித்திருக்கின்றன.
கயிறு ஒன்று, முடிச்சு அவிழ்க்காமல்.
அடுப்பு இரண்டு.
ஒன்றில் பொங்கி வழிந்த மேகி
கல்வெட்டாகிவிட்டது.

கூடாரத்தை உதறினால் மணல்.
மெரினா மணல் மாதிரி இல்லை,
முகப்பவுடர் போல, சாம்பல் நிறத்தில்,
தட்டத் தட்ட ரேகைக்குள் போகிறது.
பள்ளியில் ஐந்து திணையும் தவறாமல் ஒப்பித்தவள் நான்.
குறிஞ்சியின் தலைக்கு மேலேயே
ஒரு பாலை ஏறி உட்கார்ந்திருக்கும் என்று
யாரும் சொல்லித்தரவில்லை.
பாலைக்கு உரியது பிரிவு,
அதை மட்டும் சரியாகச் சொன்னார்கள்.
சிக்னல் கிடைத்த இடத்திலிருந்தெல்லாம்
படம் அனுப்பினார்கள்.
குழாயடியில் வாளியோடு நின்று
ஒவ்வொன்றுக்கும் ஒரு இதயம் போட்டேன்.

பத்தாவது வரி: ஆக்ஸிஜன் டின், ஒன்று.
சீல் உடைந்திருந்தது.
காதருகே வைத்து அழுத்தினேன்.
ஒன்றுமில்லை.

ஈரத் தலையோடு வந்த பூமிகாவிடம் கேட்டேன்.
நட்சத்திரங்களைப் பற்றிச் சொன்னாள்.
லால்ரின்பூயி,
கூடார வாசலில் ராத்திரி முழுக்க மூச்சுவிட்ட
ஒரு யாக் மாட்டைப் பற்றி.
நௌஷீன் உப்புத் தேநீரைப் பற்றி
பத்து நிமிடம்.
டின்னைக் காட்டினால் மட்டும்
மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் பசித்தது.

மத்தியானம் ஹர்கீரத் வந்தான், விசிலைத் திருப்பித் தர.
உதடு இரண்டு இடத்தில் வெடித்திருந்தது.
டின்னைப் பார்த்தான்.
'சந்திரதால். ராத்திரி ரெண்டு மணி' என்றான்.
அப்புறம் வெகுநேரம் கழித்து,
'உன் தாளில் எவ்வளவு இருந்தது?'
'எட்டரை.'
'எனக்குப் பதினைந்தரை.'
விசிறி அப்போது பார்த்துச் சுற்ற ஆரம்பித்தது.
இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவன் போனபிறகு எழுதினேன்:
ஆக்ஸிஜன் டின், தீர்ந்தது.
'யாருக்கு' என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது.
'குழுவுக்கு' என்று போட்டேன்.
தாராள மனசெல்லாம் இல்லை.
அந்தக் கட்டம் சின்னது.

மிச்சம் தூக்கப்பைகள்.
பதினொன்றையும் உதறி மடிக்க வேண்டும்.
ஏழாம் எண் பையில் வறட்டிப் புகை வாசனை,
யாருடையதோ தைல வாசனை.
கதவைச் சாத்தினேன்.
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கி
கழுத்துவரை ஜிப்பை இழுத்தேன்.
மைனஸ் பத்து வரை தாங்கும் என்று
உள்பக்கம் தைத்திருக்கிறது.
வெளியே டெல்லி, நாற்பத்துமூன்று.
முதுகில் வியர்வை வழிகிறது,
ஸ்பித்தி நதி இப்படித்தான் நூல்நூலாகப் பிரியுமாம்.

கால்மாட்டில் ஏதோ குத்துகிறது.
பெருவிரலால் தடவினேன்:
ஆணி.

எழுந்துபோய் நாற்பத்தொன்றை அடித்து
நாற்பத்திரண்டு என்று எழுத வேண்டும்.
எழுதலாம்.
இன்னும் கொஞ்சம் குளிரட்டும்.