இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி

முதலில் சுவர் எது என்று சொல்லித்தர வேண்டும்.
ஆளில்லாத கிடங்கை அரைமணி நேரம்
வெறித்துப் பார்க்கவிட்டேன் கேமராவை.
தூண். தூண். ஈரம் ஊறிய செங்கல்.
மீன்பெட்டி தூக்கிய காலத்துக் கொக்கி.
ஓரமாய் ஒரு நாற்காலி.
இதெல்லாம் பின்னணி, என்றேன்.
இதில் எது மாறினாலும் அது ஆள்.

அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த உலகம்.

நவம்பர், ட்ரோண்ட்ஹெய்ம். மூன்றரைக்கே இருட்டு.
மரக்கால்களுக்கு அடியில் ஆறு
உறையலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.
கையை உயர்த்தினேன்.
சுவரில் மணல்போல் வெளிச்சம் எழுந்து
என் கையாய் நின்றது.
இறக்கினேன். ஒரு கணம் பொறுத்து
மணலும் இறங்கியது.
அந்த ஒரு கணத்துக்குத்தான் ஐந்து மாத நிதி,
மூன்று புரொஜெக்டர், கழுத்துவலி.

யோனாஸ் ஒலி அமைப்பவன்.
ஹெட்ஃபோனைக் கழற்றாமலே சொன்னான்:
"அழகா இருக்கு. திரைச்சீலை விளம்பரம் மாதிரி."
இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.
மூன்றாம் நாள், சொன்னது சரி என்று பட்டதால்,
இன்னும் ஒரு நாள் பேசவில்லை.

அன்றிரவு காவலுக்கு வந்த டோர்கெய்ர்
நாற்காலியில் உட்கார்ந்தார்.
எதிரே மணல் எழுந்து அவரைச் செய்தது:
தொப்பி, தொப்பை, தெர்மோஸ்.
அவர் அசையவில்லை. காப்பிகூட ஊற்றவில்லை.
பத்து நிமிடத்தில் ஓரங்கள் உதிர்ந்தன.
இருபதில் தோள் போயிற்று.
நாற்பதில் அங்கே செங்கல்தான்.
"என்னைத் துடைச்சிட்டுது, பாரு" என்றார்.
அசையாதது பின்னணி. நான்தானே சொன்னேன்.

எழுந்தார். இரண்டு கையையும் வீசினார்
விமானத்துக்கு வழிகாட்டுபவர்போல.
திரும்பி வந்துவிட்டார் சுவருக்கு.
ஆனால் கூடவே,
காலி நாற்காலியில் இன்னொரு டோர்கெய்ர்,
தொப்பையோடு, தெர்மோஸோடு,
மணலாய் உட்கார்ந்திருந்தார்.
அவரைச் சுவர் என்றே பழகிவிட்ட கணினிக்கு
அவர் எழுந்துபோனதுதான் இப்போது ஆள்.

கையேடுகளில் இதற்குப் பெயர் பேய்.
ஓட்ட வழியும் உண்டு. ஆறே வரி.
எழுதினேன், ஓட்டினேன், பேய் போயிற்று.
மிஞ்சியது திரைச்சீலை.
ஆறு வரியையும் அழித்தேன்.

பிறகு பதினொரு நாள் ஒரே எண்ணோடு மல்லுக்கட்டு.
ஓர் ஆளை எவ்வளவு வேகமாய் மறக்க வேண்டும் என்று
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியில் எழுதியிருக்கும் எண்.
கூட்டினால், தும்மி முடிப்பதற்குள் மறக்கிறது.
குறைத்தால், எழுந்துபோனவர்
விடிந்தும் நாற்காலியை விடுவதில்லை.
புள்ளிக்குப் பின் ஒரு பூச்சியம். இன்னொன்று.
இல்லை, அதை எடு.
யோனாஸ் ஒவ்வொரு ஒலியாய்க் கழித்துக்கொண்டே வந்து
பலகைக்கு அடியில் ஆறு முட்டும் சத்தத்தை மட்டும் விட்டான்.

என் சமையலறை ஜன்னலோரம் ஒரு ஸ்டூல் இருக்கிறது.
மார்ச்சிலிருந்து அதில் யாரும் இல்லை.
இந்தப் படைப்பு அதைப் பற்றியதல்ல என்று
நிதி விண்ணப்பத்தில், யாரும் கேட்காமலே,
இரண்டு இடத்தில் எழுதியிருந்தேன்.

திறப்பு நாள். எல்லாரும் கை வீசினார்கள்.
ஒருவர் தலைகீழாய் நின்று காட்டினார்.
பச்சை மழைக்கோட்டுப் பெண் ஒருத்தி
நாற்காலியில் முக்கால்மணி நேரம் இருந்தாள்,
தான் கரைவதைப் பார்த்தாள்,
எழுந்தாள், திரும்பாமல் போனாள்.

அதன்பின் ஒரு பையன், ஏழு வயதிருக்கும்,
உட்காரப் போனவன் நின்றான்.
சுவரைப் பார்த்தான். நாற்காலியைப் பார்த்தான்.
மறுபடி சுவரை.
"இங்க ஆள் இருக்கா?"

கடிகாரத்தைப் பார்த்தேன்.
"இன்னும் இருபது நிமிஷம் இருப்பாங்க."

சரி என்றான்.
கையைக் கட்டிக்கொண்டு, நகராமல், நின்றான்.
சற்று நேரத்தில் அவன் காதோரம்
மணல் உதிரத் தொடங்கியது.