மூன்றாவது மணியில்

நோன்புப் பெருநாளுக்கு மறுநாள்
பழைய பெட்டி செத்தது.
நான்கு லைன், பன்னிரண்டு நீட்டிப்பு,
திறந்து பார்த்தால் உள்ளே
ஒரு பல்லியின் முழு எலும்புக்கூடு.
உதிரிபாகம் இனிக் கிடைக்காது என்றார்கள்.
பல்லிக்கும் சேர்த்துத்தான் சொன்னார்கள் போல.

காக்கி புக்கிட்டில், நான்காம் மாடியில்,
ஐஸ் விற்கிறோம்.
ஒன்பது பேர், மூன்று லோரி,
பதினேழு ஈரச்சந்தைகள்.
விடிவதற்குள் போய்ச் சேராவிட்டால்
தண்ணீர் விற்றவர்களாகிவிடுவோம்.

விலைப்புள்ளிகள் வந்தன.
"கிளவுடுக்குப் போங்க மேடம், பெட்டியே வேணாம்,
தலைக்கு மாசம் பதினெட்டு வெள்ளி"
என்றார் ஜெரால்ட் கோ.
தலைகளை எண்ணினேன்.
இரவு வேலைக்கு மூன்று பேர் மாறி மாறி
ஒரே நாற்காலி, ஒரே தொலைபேசி.
ஒரு தலையா, மூன்றா?
நாற்காலிக்கு உரிமம் உண்டா என்றேன்.
சிரித்தார்.
நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

அடுத்தவர் பெட்டி விற்பவர்.
பெட்டி உங்களுடையது, அதை மாட்டும் சுவர் உங்களுடையது,
மின்சாரம் போனால் அந்த இருட்டும் உங்களுடையது.
பேட்டரி தனி விலை.

மூன்றாவது கம்பெனியில் மென்பொருள் இலவசம்.
அது தெரிந்த ஆள் இலவசமில்லை.

மூவரும் கேட்ட ஒரே கேள்வி:
ஒரே நேரத்தில் எத்தனை அழைப்பு வரும்?
இருபத்திரண்டு வருடமாகக்
காதால் நடத்திய வியாபாரம்,
எனக்கு எண் தெரியவில்லை.
ஹுவீ மின் நாட்காட்டியின் முதுகில் கோடு போட்டாள்,
இரவில் வில்வநாதன் போட்டார்,
ஏழு நாள்.

பகலில் இரண்டுக்கு மேல் மோதவில்லை.
அதிகாலை மூன்று முதல் ஐந்து வரை
கோடுகள் அடர்ந்து காடாகின.
பக்கத்தில் வில்வநாதனின் சாய்ந்த எழுத்து:
எடுக்கல, எடுக்கல, எடுக்கல.
ஓர் இரவில் முப்பத்து நான்கு.

கூப்பிட்டுக் கேட்டேன். குரல் உயர்ந்திருக்கும்.
கேள்வியே விளங்காதவர்போல் பார்த்தார்.
"ஒரு மணி அடிச்சு நின்னா லோரி வந்துருச்சு.
ரெண்டு அடிச்சா ஐஸ் எறக்கியாச்சு.
மூணாவது அடிச்சாத்தான் கோளாறு,
அதை எடுத்துடுவேன்ல?"

யார் சொல்லிவைத்தது என்றால்
யாருமில்லை.
கையுறை ஈரத்தில் விறைத்திருக்க
ஒரு விரலால் அழுத்தி, ஒரு விரலால் துண்டித்து
இறங்கு மேடைகளில் தானாய் முளைத்த பேச்சு.
சம்பளப் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் தெரிந்தது,
பட்டியலில் கையெழுத்திடும் எனக்குத் தவிர.

மூன்று கையேடுகளிலும்
தடித்த எழுத்தில் ஒரே பெருமை:
முதல் மணியிலேயே எடுத்துவிடும்.
நன்றி சொல்லும், எண்ணை அழுத்தச் சொல்லும்,
இசை வாசிக்கும்.

மூவருக்கும் போன் போட்டேன்:
எடுக்காமல் இருக்கத் தெரியுமா உங்கள் கருவிக்கு?
"இதுவரை யாரும் கேட்டதில்லையே மேடம்" என்றார் ஜெரால்ட்.
பெட்டிக்காரர் அதே கையேட்டை மறுபடி அனுப்பினார்.

மூன்றாவது இடத்திலிருந்து நூர்ஹயாத்தி வந்தாள்.
ஐஸ் பைக் கட்டின் மேல் மடிக்கணினியை வைத்து,
ஏன் என்று கேட்காமல்,
ஒன்று மட்டும் கேட்டாள்:
நம் ஊர் மணி ட்ரிங்-ட்ரிங் என்று இரட்டையாக அடிக்குமே,
அது ஒன்றா, இரண்டா?

வில்வநாதன் கோப்பியைக் கீழே வைத்தார்.
"அது மூச்சு விடற வரைக்கும் ஒண்ணுதான்."

ஒரு கட்டத்தில் சுழியம் இருந்தது.
அழித்து வேறு எண் இட்டாள்.
இரவுக்கு ஒரு விதி, பகலுக்கு ஒரு விதி.
கையெழுத்திட்டேன்.

முதல் இரவு நானும் இருந்தேன்.
மெலிந்த கறுப்புத் தொலைபேசி
அடித்தது, நின்றது.
அடித்தது, அடித்தது, நின்றது.
யாரும் நகரவில்லை.
வில்வநாதன் உதடசையாமல் சந்தைகளை எண்ணினார்.

காலையில் மென்பொருள் தானாகவே
அறிக்கை அனுப்பியிருந்தது, சிவப்பில்:
தவறிய அழைப்புகள் முப்பத்து நான்கு.
சேவைத் தரம்: மிக மோசம்.

எடுத்தது ஒன்று.
பிடோக்கில் டயர் பஞ்சர்.