கணக்கப்பிள்ளை

மூன்று விசிலில் வேகிற அரிசி
எங்கள் வீட்டில் மட்டும் வேகாது.
ஒன்று குக்கர் அடித்தது.
மற்ற இரண்டும் கூண்டிலிருந்து வந்தவை.

பெயர் வைத்தது தளவாய்தான்.
தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால்
பேரேட்டைப் பார்ப்பதுபோல் பார்க்கிறதாம்.
உடம்பெல்லாம் சாம்பல் சட்டை,
வாலில் மட்டும் சிவப்பு மையில் ஒரு பற்று.
கணக்கப்பிள்ளை.

வண்ணார்பேட்டை பைக் ஷோரூமில்
ஒரே மாதத்தில் அறுபது வண்டி விற்ற வருஷம்
ஊக்கத்தொகை முழுவதையும் கொடுத்து
தூத்துக்குடியிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தார்.
காலில் எண் போட்ட வளையம்,
வனத்துறைக்குப் பதிவுச் சீட்டு, ரசீது.
"நம்ம கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு காயிதம் இல்லட்டி."
ஐம்பது வருஷம் இருக்குமாம்.
நம்மை வழியனுப்பிவிட்டுத்தான் போகும் என்றேன்.

என்னைக் கடிக்கும்.
அவர் விரலை மட்டும் மெல்ல நெருடும்
பல் முளைக்காத பிள்ளைபோல.
பச்சை மிளகாயை விதை விதையாய்த் தின்றுவிட்டுத்
தோலை என் தலையில் போடும்.
கேஸ் புத்தகத்தின் அட்டை,
ரிமோட்டில் ஐந்தாம் எண்,
என் வலது செருப்பு.
சிறகை உதறினால் மாவுபோலத் தூள்,
டிவி மேல், ஜன்னல் கம்பி மேல்.
துடைத்துவிட்டுத் திரும்பினால் மறுபடி உதறும்.

தியாகராஜ நகர் ரயில்வே கேட் மணி,
இன்வெர்ட்டரின் கீச்சு,
மாடி வீட்டு எஸ்தர் டீச்சரின் இரட்டைத் தும்மல்,
"ஏட்டி, சாவி எங்க?"
எல்லாம் வரும் அதற்கு.
எல்லாம் நான் வீட்டிலிருக்கும் நேரத்துச் சத்தங்கள்.

ஆடிக் காற்று கதவை அறைந்த ஒரு ஞாயிறு
"சாளேய்... நெத்திலி..." என்றது.
மீன்காரி வருவது வார நாளில், பதினோரு மணிக்கு.
அப்போது நான் ஹைகிரவுண்ட் பக்கத்து லேபில்
யாருடைய ரத்தத்தையோ சுழலவிட்டிருப்பேன்.
சரி, ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கும்.
அடுத்து ஒரு தொண்டைக் கனைப்பு.
"சார், இந்த ஒரு தடவ மட்டும் சார்.
ஒண்ணாந்தேதி கட்டிருதேன் சார்.
வீட்டுக்கு வந்துராதிய சார்."

தளவாய் குரல்.
தளவாய் குளித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை ஒன்பது மணி.
தேய்த்த சட்டை, கழுத்தில் ஷோரூம் அட்டை,
"வாரேன்" என்று கிளம்பினார்.
மாலையில் சட்டையைத் துவைக்க எடுத்தேன்.
தோளில் வெள்ளைத் தூள்.
வெகுநேரம் உட்கார்ந்திருந்த தூள்.
செவ்வாயும். புதனும்.

கேட்டிருக்கலாம்.
ரசம் ஊற்றும்போது வாய்வரை வந்தது.
அவர் உப்பு கம்மி என்றார்.
போட்டேன்.

சொல்லித்தருவது லேசில்லை.
நாம் படிக்கச் சொன்னதைப் படிக்காது,
ஒளித்துச் சொன்னதைப் பிடித்துக்கொள்ளும்.
அவர் குளியலறைத் தாழ்ப்பாள் விழுந்ததும்
ஒரு கடலை, ஒரு வாக்கியம்.
ஒரு கடலை, ஒரு கடி, ஒரு வாக்கியம்.
இருபத்தேழு நாள்.
கண்மணி சுருங்கும், விரியும்,
அலகு திறக்காது.
விரலுக்கு என்ன, தினம் ஒரு பிளாஸ்திரி என்று
லேபில் கேட்டார்கள்.
ஊசி என்றேன்.

அது படித்துக்கொண்டதா,
படித்திருந்தால் சொல்லியதா,
மீன்காரிக்கு முன்பா பின்பா,
எனக்குத் தெரியாது.
என் முன்னால் ஒருதரம்கூட அது சொன்னதில்லை.

நேற்று வேலை முடிந்து வந்தேன்.
கைலியோடு வந்து கதவைத் திறந்தார்.
ஷோரூம் அட்டை ஆணியில் தொங்கியது.
அடுக்களையில் அவரே குக்கர் வைத்திருந்தார்.
"மூணு விசில் வந்துட்டு" என்றார்.
தட்டில் அரிசி அரிசியாய்ச் சோறு.
இரண்டு பேரும் பேசாமல் மென்றோம்.
வெளியே கேட் மணி அடித்தது,
அல்லது உள்ளே.

பிறகு தட்டைப் பார்த்தபடியே,
என் இழுப்பு அப்படியே இருக்க,
அவர் என்னிடம் சொன்னார்:
"பாத்துக்கிடலாம், விடுங்க."