வலப்பக்கம் பாருங்கள்

கண்டியில் வானுக்குள் ஏறும்போதே
உம்மு நாசர் கேட்டாள்,
"மழை எந்த ஊரில்?"
எல்லா ஊரிலும் என்றேன்.
சுனிமல் சிரித்தான். அவனுக்கு அரபு வராது.
மழைக்கான சொல்லை மட்டும்
இந்த ஓகஸ்டில் பிடித்து வைத்திருக்கிறான்.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.
வாவியைச் சுற்றிய மதிலுக்கு மேகத்தின் வளைவு.
மாளிகைக்குள் ஒரு பல்,
பல்லை மூடிய பேழை, பேழையை மூடிய பேழை.
ஆண்டுகளைப் பிசகாமல் அடுக்கினேன்.
ஆண்டு சொன்னால்
மிச்சத்தையும் நம்பிவிடுகிறார்கள்.

ரம்பொடைக் குகைவழியைத் தாண்டி வெளியே வந்தால்
கண்ணாடி முழுக்க வெள்ளை.
பிள்ளைகள் கத்தினார்கள்,
யாரோ உலகத்தை அழிறப்பரால் அழித்துவிட்டதைப் போல.

அப்போதுதான் சின்னவள் ரீமா
ஆசனத்துக்கு மேலால் எட்டிக் கேட்டாள்,
"எங்கள் பாஷையை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாய்?"

ஹாயிலில், என்றேன்.
ஒற்றை ஜன்னல் பள்ளிக்கூடம் என்று சொல்லவில்லை.
முதற்பாடம்: கொண்டு வா.
இரண்டாம் பாடம்: இன்னொருதரம் கழுவு.
"இங்கே வா"வுக்கும் "எங்கே போனாய்"க்கும் நடுவில்
ஆறு மாத இலக்கணம்.
நாலாம் வருடம்
கனவில் கூடையோடு வந்த அம்மா
தண்ணீர் கேட்டதும் அரபில்தான்.

பாலைவனத்துக்கும் ஒருதரம் கூட்டிப் போனார்கள்.
வழிகாட்டி இல்லாத சுற்றுலா.
கூடாரம், ஜெனரேட்டர், முழு ஆடு.
அண்டா தேய்க்க மணலுக்குப் பஞ்சமில்லை.
தேய்த்து நிமிர்ந்தபோது நிலவு வந்திருந்தது.
மேடு மேடாக, மேடு மேடாக,
எங்கள் மலைகளுக்கெல்லாம் யாரோ
மொட்டையடித்து உட்கார வைத்தது மாதிரி.
அன்றைக்கு அழவில்லை. அது நினைவிருக்கிறது.
கையில் கரி.

லபுக்கலைக்கு முன்னால் ஒரு வளைவு உண்டு.
அங்கே பதினொரு நொடி,
கீழே ஒரு லயம் தெரியும்.
பன்னிரண்டு காம்பரா, மூன்றாவதின் தகரத்தில்
நீலப் படங்கு, அதன்மேல் நாலு கல்.
தங்கச்சி இந்நேரம் மலையில் நிற்பாள்.
"வலப்பக்கம் பாருங்கள், அருவி!"
ஏழு தலையும் திரும்பும்.
அருவி பெரிதாக ஒன்றுமில்லை.
சுனிமலிடம் நான் எதுவும் சொன்னதில்லை,
ஆனாலும் அந்த வளைவில் மட்டும்
இரண்டாம் கியருக்கு இறங்குவான்.

தேத்தண்ணிக் கடை வாசலில் பரிமளகாந்தி
சிவப்புச் சேலையும் கூடையுமாக நின்றாள்.
படமொன்றுக்கு ஐந்நூறு.
கூடைக்குள் பாதி பழைய பேப்பர்,
மேலே ஒரு கை கொழுந்து.
போன வருடம் வரை பேர் போட்டு
கிலோ கணக்கில் நிறுத்தவள்.
"இதுல கூடுதலா வருது, அட்டைக் கடியும் இல்ல"
என்று எனக்கு மட்டும் கேட்கச் சொல்லி
ரீமாவின் தோளில் கைபோட்டுச் சிரித்தாள்.
அந்தச் சிரிப்பு உண்மை என்றுதான் நினைக்கிறேன்.

நுவரெலியாவில் கொட்டியது.
குதிரைக்காரர்கள் கூரைக்கு ஓட
உம்மு நாசர் இறங்கி
கறுப்புக் கையுறையோடு கையை நீட்டி நின்றாள்,
கடன் கொடுத்தவனிடம் திருப்பிக் கேட்பவள் போல.
நானும் ஒருநாள் ஹாயிலில் அப்படி நின்றிருக்கிறேன்.
உடுப்பு எடுக்கப் போன மொட்டை மாடி, எட்டே எட்டுத் துளி,
பிறகு உள்ளேயிருந்து என் பெயர்.

இப்போதும் என் பெயரைத்தான் கூப்பிட்டாள்.
"தயாளினி, நீ நல்ல பெண்.
என் தங்கை வீட்டுக்கு ஆள் தேவை.
உனக்கு பாஷையும் இருக்கிறது."
சம்பளமும் சொன்னாள்.
குறைந்த தொகை இல்லை.

நாளைக் காலை எட்டரைக்குப் புறப்பாடு,
எல்லாரும் சப்பாத்து போட்டுக்கொள்ளுங்கள், என்றேன்.

அவள் கையுறையைக் கழற்றினாள்.
நீர் சொட்டியது.
யாரும் சொல்லாமலே என் கை நீண்டது,
வாங்கிப் பிழிந்து காயப்போட.
பாதி வழியில் பார்த்துவிட்டேன் அதை.

அந்தக் கையாலேயே
குடையை விரித்தேன்.