கடன் என்று வரும் இடம்

திடப்படுத்தல் வகுப்பில் எனக்கு முப்பத்தாறு வயது.
மற்ற ஏழு பேரும் பத்தாம் வகுப்பு.
கேள்வி நூற்றுப் பன்னிரண்டு, விடையும் அத்தனை.
பைக்கில் போகிறபோதுதான் நெட்டுருப் போடுகிறேன்:
செக்காலை ரோட்டில் திரியேகம்,
கோட்டையூர் வருவதற்குள் விசுவாசத்தால் நீதிமானாதல்,
ரயில்வே கேட் மூடியிருந்தால்
பரிசுத்தமாகுதலும் முடிந்துவிடும்.

செவ்வாய் காலை புதுவயல் குழு.
தவிட்டுத் தூசி படிந்த வேப்பமரத்தடியில்
பத்துப் பெண்கள், பத்து அட்டை.
ஒருத்தி கட்டாவிட்டால்
மற்ற ஒன்பது பேரும் பிரித்துக் கட்ட வேண்டும்.
ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பது
எங்கள் கம்பெனியின் உபதேசமும்கூட,
அபராதத்தோடு.

பூரண மேரி அந்தப் பத்தில் ஒருத்தி.
ரைஸ்மில்லில் நெல் அவிக்கிறாள்.
ஞாயிறன்று எனக்கு முந்தின பெஞ்ச்.
கல்யாணத்தால் எங்கள் சபைக்கு வந்தவள்;
பிறந்த வீட்டுக் கோயிலில்
அதே ஜெபத்தில் குற்றம் என்று சொல்வார்களாம்,
இங்கே கடன் என்கிறோம்.
ஒருநாள் வெளியே செருப்பு மாட்டும்போது சொன்னாள்:
"குற்றம்னா சொல்றதுக்குச் சுளுவா இருந்துச்சு சார்.
கடன்னு வாயில வரும்போது
உங்க முதுகு என் பின்னாடி இருக்கிற மாதிரி இருக்கு."
முதுகு இல்லை, முகம் என்று திருத்தப் போனேன்.
திருத்தவில்லை.

மூன்று வாரமாகப் பூரணத்தின் அட்டையில் வெள்ளை.
புருஷனுக்குக் காலில் அறுவை; மில் பாதி நாள்தான் ஓடுகிறது.
நாலாவது செவ்வாய் குழுவுக்கே வரவில்லை.
வீட்டுக்குப் போனேன்.
கதவு பாதி திறந்து, உள்ளே குக்கர் விசில்.
அவள் என்னைப் பார்த்தாள்.
நான் போனைப் பார்த்தேன்.
ஆப்பில் மூன்று கட்டம்: கட்டினார், மறுத்தார், வீட்டில் இல்லை.
மூன்றாவதைத் தொட்டேன்.

இரக்கமா அது?
ஒன்பது பேர் அன்று தலைக்கு நூற்றிருபது போட்டார்கள்.
செல்லாயி தன் மகளின் நோட்டுக் காசிலிருந்து எடுத்தாள்.
செல்லாயிக்கு நான் சாமி கும்பிடும் இடம் எதுவென்று தெரியாது.
தெரிந்திருந்தால் என்ன நினைத்திருப்பாள்?
பொய் சொல்லாதிருப்பது எத்தனையாவது கற்பனை என்று
வகுப்பில் முதலில் கை தூக்கியவன் நான்.

மறுநாள் மேனேஜர் அழைத்தார்.
"லொகேஷன் அந்தம்மா வாசல்லயே
பதினொரு நிமிஷம் நிக்குது.
ஆளில்லாத வீட்டுல என்ன பண்ணுன?"
தண்ணி கேட்டேன் சார்.
"யாரு குடுத்தா?"
பக்கத்து வீடு.
"அந்தம்மா உங்க சர்ச்சாமே?"
எங்க சர்ச் பெரிசு சார். எனக்கு அப்படி யாரையும் தெரியாது.

சேவல் ஏதும் கூவவில்லை.
மில்லில் சங்கு ஊதியது, ஒரு மணி ஷிப்டுக்கு.
ஈரத்தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு
பூரணம் ரோட்டைக் கடந்தாள்,
என் பைக்கிலிருந்து நாலு முழம்கூட இல்லை.
சிரித்தாள்.
அதைத் தாங்க முடியவில்லை.

வரும் ஞாயிறு பிஷப் வருகிறார்.
தலையில் கை வைப்பதற்கு முன்
எங்களிடம் ஒரு கேள்வியாவது கேட்பாராம்.
பையன்கள் எண்பதுக்கு மேல் பயப்படுகிறார்கள்.
எனக்கு எல்லாம் வருகிறது;
நடு ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும்
கிறிஸ்தவன் யார் என்பதற்கு
நான்கு வரி விடை, ஒரு சொல் பிசகாமல்.

நேற்று ஜெபத்தில் அந்த இடம் வந்தது.
சபை முழுக்க ஒரே மூச்சில் போய்க்கொண்டிருக்க
முந்தின பெஞ்சில் அவள் குரல் மட்டும் நின்றது.
குற்றமா, கடனா,
எதையோ தேர்ந்து சொல்லிவிட்டு
ஓடிவந்து எங்களோடு சேர்ந்துகொண்டாள்.
எந்தச் சொல் என்று என் காதில் விழவில்லை.
நான் இன்னும் அந்த வரியில்தான் இருந்தேன்.