செவிட்டுப் பக்கம்

கறண்ட் போய் முப்பது மணித்தியாலம்.
கோபுரத்துப் பற்றறியும் செத்து
போனில் சிக்னல் இல்லை.
மழை மட்டும் லீவு போடாமல் வேலை செய்கிறது.

சுவிசிலிருந்து மச்சாள் காசனுப்பி
கிளிநொச்சியில் வாங்கிய பெட்டி
மேசையில் இருக்கிறது,
ஒரு கிடாய்க்குட்டியின் பாரம்,
முகத்தில் ஐந்து பச்சைக் கோடு.
இப்போது மூன்று.
அதன் வயரின் மற்ற நுனியில்
நெபுலைசர் இரைய
அபிசனின் முகமூடிக்குள் புகை வந்து வந்து போகிறது.
ஆறு வயது நெஞ்சுக்கு
இந்தப் பெட்டிதான் இன்றைக்குக் காற்று.

றேடியோவைத் திருகினேன்.
இரணைமடுவில் எத்தனை வான்கதவு,
கண்டாவளைக்கு எத்தனை மணிக்குத் தண்ணி,
அது தெரிந்தால் போதும்.

வந்தது வண்டு.

ஒரே சுருதியில், மூச்சு வாங்காமல்.
அடியில் எங்கோ ஒரு குரல்:
குளத்தின்... அடி... தாழ்நிலப்...
மிச்சத்தை வண்டு தின்றது.
யோகேந்திரம் கூரையை நிமிர்ந்து பார்த்தார்.
பிறகு என்னைப் பார்த்தார்.
எங்கள் வயதுக்காரருக்கு
அந்த இரைச்சலை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பெட்டியை நிறுத்தினேன்.
குரல் கண்ணாடிபோல் தெளிந்தது:
மரண அறிவித்தல்.
நெபுலைசரும் நின்றுவிட
பிள்ளை முகமூடியோடு திரும்பி
ஏன் என்று கண்ணால் கேட்டான்.
திரும்பப் போட்டேன்.

இவர் றேடியோவின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார்.
அதில் பிழை இல்லையப்பா, என்றேன்.
போன் திருத்தும் கடையில் நாலு வருசம் நின்றவள் நான்.
பெட்டிக்குள் மின்சாரத்தை வெட்டி வெட்டித்தான்
அலையாக அடுக்குகிறார்கள்,
வெட்டும்போது சிந்துகிற தூள் இது.
சிந்தாதே என்று சொல்ல ஏலாது.
பறக்கிற வழியை மறிக்கலாம்.

கொழுவியிருந்த சார்ஜரைப் பிடுங்கினேன்,
சிக்னல் இல்லாத போனுக்கு என்ன சாப்பாடு.
கொஞ்சம் குறைந்தது.
நீட்டு வயர் ஒன்று போட்டு
பெட்டியைக் குசினி வாசலுக்குத் தள்ளினோம்.
வண்டு வயரில் ஏறி நடந்து வந்தது.
பழைய மொனிற்றர் வயரின் கழுத்தில்
கறுப்பாய் ஒரு கழலை பூட்டியிருக்குமே,
அதைக் கழற்றிப் பிளந்து
பெட்டிக்குக் கிட்டவாக
நீட்டு வயரை அதற்குள் சுற்றிப் பூட்டினேன்.
மூன்று சுற்றுக்கு மேல் இடம் இல்லை.

போகவில்லை. தள்ளிப் போனது.
வேலிக்கு அங்கால் நின்று இரைந்தது.

பிறகு றேடியோவைக் கையிலெடுத்து
மெல்ல மெல்லச் சுழற்றினேன்.
சாமித்தட்டுப் பக்கம். படலைப் பக்கம்.
கிணற்றடிக்குச் சற்று முன்னால்
சட்டென்று
வண்டு இல்லை.

றேடியோவுக்கும் ஒரு செவிட்டுப் பக்கம் இருக்கிறது.
உள்ளே கிடக்கிற காந்தக்கோல்
தன் நுனி நேரே பார்க்கும் திசையைக் கேளாது.
அந்தப் பக்கத்தைப் பெட்டிக்குக் காட்டவேண்டும்,
அவ்வளவுதான்.

எனக்கும் ஒன்று இருக்கிறது, இடது பக்கம்.
பஸ்ஸில் அதை யன்னலுக்குக் கொடுத்து
ஹோர்ன் சத்தத்தில் நித்திரை கொண்டிருக்கிறேன்.
அதைத் தவிர
அதால் ஒரு பிரயோசனமும் கண்டதில்லை.

நாலு கதவு, என்றது குரல். ஆறங்குலம்.
விடியப்புறம் கூட்டுவார்களாம்.
இவர் கோழிக்கூட்டைத் தூக்கப் போனார்.
நான் நெல்லுமூட்டையைக் கட்டிலில் ஏற்றினேன்,
பிள்ளையின் காலடியில்.

றேடியோ அசையாதபடி
இரண்டு பக்கமும் செங்கல் வைத்திருக்கிறது.
ஒருவரும் திருப்பக்கூடாது.
காதை நல்லாய்க் கொடுத்தால்
வண்டு இன்னும் கேட்கும்.
கொடுக்கவில்லை.

பெட்டியில் இரண்டு கோடு.